இரண்டு முறை இறங்கிப் பார்க்கலாம்

மார்ச் 4

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். கடிதம் உன் ஆபீஸ் விலாசத்துக்கு வந்ததைப் பார்த்துப் பயந்துவிடாதே, எல்லோரும் சுகம். போனில் பேசினால் உன் அம்மா கரண்டியோடு வந்து பக்கத்தில் நின்றுகொள்கிறாள். இது அவளுக்குத் தெரியக்கூடாத விஷயம். பதிலை நீயும் கம்பெனி விலாசத்துக்கே போடு.

எங்கள் பிரெட் கம்பெனி சின்ன வேன்களை விற்றுவிட்டுப் பெரிய லாரிகள் வாங்குகிறது. ஜூன் மாதத்துக்குள் கனரக வாகன லைசென்ஸ் எடுத்தவனுக்கு வேலை, எடுக்காதவனுக்கு மாலை என்று மேனேஜர் சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வருடம் வேன் ஓட்டியவன், ஒரு கீறல் கிடையாது என்ற தெம்பில் போனேன். இரண்டு தடவை ஃபெயில். ரோட்டில் என்னிடம் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. மைதானத்தில் கூம்புகளுக்கு நடுவே ரிவர்ஸ் எடுத்துக் கட்டத்துக்குள் நிறுத்தச் சொல்கிறார்களே, அங்கேதான் மாட்டிக்கொள்கிறேன். முதல் தடவை ஒரு கூம்பு சாய்ந்தது, அடுத்த தடவை இரண்டு. நல்ல முன்னேற்றம்.

உன் அம்மாவிடம் டெஸ்ட் தேதி தள்ளிப்போய்விட்டது என்று சொல்லி வைத்திருக்கிறேன். இன்னும் ஒரு வாய்ப்புதான் பாக்கி. ஐம்பத்துமூன்று வயதில் எனக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? இங்கே டெஸ்ட் எடுக்கும் அதிகாரி உன்னோடு ஒன்றாய்ப் பயிற்சி எடுத்தவராமே. நீ ஒரு வார்த்தை சொல்லிவை. உனக்கும் அதே உத்தியோகம், உன் பேச்சுக்கு மதிப்பு இருக்கும்.

அன்புடன்,
அப்பா

மார்ச் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். சொல்ல மாட்டேன் அப்பா. வேலையில் சேர்ந்த அன்று, “எவனுக்காகவும் பேனாவ வளைக்காத”ன்னு என்னிடம் சொன்னது யார்?

ஒன்று மட்டும் கேட்கிறேன். ரிவர்ஸ் எடுக்கும்போது இறங்கிப் பார்த்தீர்களா? இரண்டு முறை இறங்கிப் பார்க்க விதியிலேயே இடம் உண்டு. மார்க் குறையாது.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் பாப்பா

மார்ச் 17

ஆபீசர் அம்மா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கண்ணாடியைப் பார்த்தே வண்டியை நிறுத்திப் பழகியவன் நான். இறங்கி இறங்கிப் பார்ப்பது கற்றுக்குட்டிகள் வேலை. அதிலும் கூடப் பயிற்சி எடுக்கும் பையன்கள் வேலியோரம் நின்று வேடிக்கை பார்க்கும்போது இறங்க வேண்டுமாம்! உன்னைத் தொந்தரவு செய்ததற்கு மன்னிக்கவும். இனிமேல் எழுத மாட்டேன்.

இப்படிக்கு,
பிரெட் வேன் டிரைவர்

ஏப்ரல் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கோபக் கடிதத்துக்குப் பிறகு நான் போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. போனைக் கையில் எடுத்தாலே அம்மாவிடம் நீட்டிவிடுகிறீர்கள். பரவாயில்லை, கோபம் தீரும் வரை கோபமாகவே இருங்கள்.

என்னிடம் ஒரு நாளைக்குப் பதினைந்து பேர் டெஸ்டுக்கு வருகிறார்கள். அதில் இறங்கிப் பார்க்கிறவர் ஒருவர் இருந்தால் அதிகம். மற்றவர்கள் நாலு பேர் சிரிப்பார்களே என்று சீட்டில் ஒட்டிக்கொண்டு கூம்பைச் சாய்க்கிறார்கள். போன வாரம் ஒருவரை ஃபெயிலாக்கினேன். உங்கள் வயது, உங்களைப் போலவே கழுத்தைச் சாய்த்துக் கண்ணாடியைப் பார்த்தார். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் சிபாரிசு செய்து, நீங்கள் பாஸாகி, என்றைக்காவது லாரிக்குப் பின்னால் கூம்புக்குப் பதில் ஒரு மனுஷர் நின்றால்? வேலை போனால் நான் பார்த்துக்கொள்கிறேன். அந்த மாதிரி ஒன்று நடந்துவிட்டால் அப்புறம் நீங்கள் நீங்களாக இருக்க மாட்டீர்கள். எனக்கு என் அப்பா வேண்டும்.

உங்கள் பாப்பா

மே 28

என் தங்கமே,

பாஸ்!

முழுக்கதையும் கேள். பாதி ரிவர்ஸ் எடுத்ததும் உன் கடிதம் ஞாபகத்துக்கு வந்தது. ஹாண்ட் பிரேக்கைப் போட்டு, கைப்பிடியைப் பிடித்து இறங்கினேன். வேலியோரம் ஒருவன், “பெரியவர் வீட்டுக்குக் கிளம்பிட்டார்டா”ன்னான். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்னால் போய்ப் பார்த்தால், இடது சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளிக் கூம்பு நிற்கிறது. எந்தக் கண்ணாடியிலும் அது தெரியவில்லை பாப்பா. இருபத்திரண்டு வருடமாக என் வேனுக்குப் பின்னால் எத்தனை பேர் இப்படி ஒரு சாணில் தப்பினார்களோ. மறுபடி ஏறி, முன்னால் எடுத்து, நிதானமாகக் கட்டத்துக்குள் கொண்டு போய் நிறுத்தினேன். ஒரு கூம்பும் அசையவில்லை.

அதிகாரி எழுதிக்கொண்டே, “பரவால்லயே, இறங்கிப் பார்த்தீங்களே. யார் சொல்லிக் குடுத்தது? நம்ம டிபார்ட்மெண்ட்ல யாராவது இருக்காங்களா?”ன்னு கேட்டார். “யாரும் இல்ல சார்”னேன். வாசல் வரைக்கும் வந்துவிட்டேன், அதற்கு மேல் கால் நகரவில்லை. பெற்ற பெண்ணை இல்லை என்று சொல்லிவிட்டேனே! திரும்பிப் போனேன்.

“கையெழுத்து போட்டாச்சா சார்?”

“போட்டாச்சு.”

“சீல்?”

“வெச்சாச்சுங்க. ஏன்?”

“அப்ப சொல்றேன் சார். சொல்லிக் குடுத்தது என் பொண்ணு.” உன் பெயரையும் ஊரையும் சொன்னேன்.

மனுஷர் எழுந்தே நின்றுவிட்டார். “அவங்க அப்பாவா நீங்க? மொதல்லயே சொல்லக்கூடாதா?”

“சொல்லியிருந்தா அவ என்னோட பேச மாட்டா சார்”னேன்.

உன் அம்மாவுக்கு எல்லாம் முன்பே தெரியுமாம். இரண்டு தடவையும் சாப்பிடாமல் படுத்துக்கொண்டேனே, அதிலேயே கண்டுபிடித்துவிட்டாளாம். “நீங்களா சொல்ற வரைக்கும் கேக்கக் கூடாதுன்னு இருந்தேன்”கிறாள். இத்தனை நாள் நான் போட்ட நாடகத்துக்கு இவள்தான் ஒரே ரசிகை போலிருக்கிறது.

போன கடிதத்தில் இப்படிக்கு என்று போட்டு ஏதோ எழுதினேனே, அதைக் கிழித்துப் போட்டுவிடு. மன்னித்துவிடு என்று நாலு விதமாக எழுதிப் பார்த்தேன், ஒன்றும் சரியாக வரவில்லை. நீயே புரிந்துகொள்.

வியாழக்கிழமை உங்கள் ஊருக்கு முதல் லோடு. சரக்கை இறக்கியதும் அம்மாவோடு உன் வீட்டுக்கு வருகிறேன், மேனேஜரிடம் கேட்டாகிவிட்டது. உன் தெருவில் லாரி திரும்பாது, ரிவர்ஸில்தான் வர வேண்டும். நீ வாசலில் வந்து நில். ஆனால் ஓரமாக நில், எனக்குத் தெரிகிற மாதிரி. அன்றைக்கு நான் இரண்டு முறைக்கு மேல் இறங்கிப் பார்ப்பேன், கணக்கு வைக்காதே.

அன்புடன்,
உன் அப்பா