சந்தனம் பூசிய கண்

செப். 29, திங்கள்

விருதுநகரிலிருந்து சிவகாசி வரை பஸ்ஸில் நின்றே வந்தேன். காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. காலண்டர் அச்சகம். ஜெனரேட்டர் புகையின் சூட்டை அளந்து, இன்ஷூரன்ஸுக்கு நான் கையெழுத்துப் போட வேண்டும்.

புகைக்குழாய் சுவரை உரசிக்கொண்டு போகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் கூரை வரை பேப்பர் கட்டுகள். அதில் சாய்ந்தபடி பெண்கள் காலண்டருக்குத் தகரப் பட்டை அடிக்கிறார்கள். எவனுக்காவது உறைக்க வேண்டுமே!

மேனேஜர், முதலாளியின் மச்சினன். தகுதி அது ஒன்றுதான். கொரோனாவில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அதே ஜாதித் துப்பாக்கி ஒன்று வைத்திருக்கிறார். குழாயை நோக்கி நீட்டினார்.

"பாத்தீகளா மேடம், நூறுகூடத் தாண்டல. இதுக்குப் போயி எம்புட்டுச் செலவு!"

குழாய்க்கு வெள்ளி பெயிண்ட். பளபளப்பு சூட்டைக் காட்டிக்கொடுக்காது. துப்பாக்கி பார்ப்பதும் பெயிண்டைத்தான், உள்ளே ஓடும் புகையை அல்ல. சொன்னேன். தலையாட்டினார். ஒன்றும் ஏறவில்லை.

குழாயில் கண்ணாடி ஜன்னல் பொருத்தி, எதிரே என் கருவி. சூடான புகை வீசுகிற, கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பிடித்துக் கணக்கிடும். ஐந்நூற்றைம்பது டிகிரி. பேப்பரையும் ஆட்களையும் நகர்த்தச் சொன்னேன்.

"சீசன் முடியட்டும் மேடம்."

அக். 1, புதன்

ஆயுத பூஜை. அச்சு மெஷின், கட்டிங் மெஷின், மேனேஜர் பைக், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். எனக்கு ஒரு பை பொரி. நமுத்தது.

அக். 3, வெள்ளி

லேசான தூறல். ஜெனரேட்டர் முழு லோடில். கருவியில் இருநூறு! மேனேஜர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சாமி கும்பிட்டதும் சூடு எறங்கிருச்சு பாத்தீகளா! இதையே எளுதிக் கையெளுத்துப் போட்ருங்க."

லென்ஸில் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். கண்ணை அடைத்துவிட்டால் கருவி எதைப் பார்க்கும்? துடைத்தேன். மறுபடி ஐந்நூற்றைம்பது.

"சாமிக்கு வச்சத அளிக்கலாமா மேடம்?"

இந்த மண்டைக்கு ஏசி ரூம் வேறு.

வாங்க: லென்ஸ் துணி, தலைவலி மாத்திரை, குடை.

அக். 4, சனி

மறுபடி வெயில். முதலாளி வந்தார். பேப்பர் பக்கமிருந்து சுவரில் கை வைக்கச் சொன்னேன். வைத்தவர் வெடுக்கென்று எடுத்தார். அப்பாடா, உறைத்துவிட்டது என்று நினைத்தேன். அண்ணாந்து பார்த்தார். சுவரில் லட்சுமி படம், ஓரமெல்லாம் பழுத்துச் சுருண்டு.

"ஏலே மாப்ள, சாமி படத்த மொதல்ல இங்கனருந்து எடுலே!"

ஓடிவந்து எடுத்தார் மச்சினன். லட்சுமி ஏசி ரூமுக்குப் போய்விட்டாள். பேப்பர் அங்கேயே. பெண்களும் அங்கேயே.

பட்டை அடித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா நிமிராமல் கேட்டார்: "எங்கள எப்ப மேடம் மாத்துவாக?"

முதலாளி காதில் விழுந்தது. காரில் ஏறிவிட்டார். த்தூ.

கையெழுத்துப் போடவில்லை. ஜெனரேட்டரை நிறுத்திச் சாவியை உருவிக்கொண்டு வந்துவிட்டேன். பையில் இருக்கிறது. மேனேஜர் விடாமல் போன் அடிக்கிறார். அடிக்கட்டும்.