ஒட்டி வைத்த இங்கிலீஷ் தாள்

என்னங்க,

ஆறு மணி கொமுட்டர் ரயிலுக்குக் கிளம்பிட்டேன். எனக்குக் கோபம் இன்னும் ஆறல, நேர்ல பேசினா திரும்பவும் சண்டைதான் வரும். சம்பல் சட்டியில இருக்கு, சோறு குக்கர்ல. தர்ஷாவுக்கு முட்டை மட்டும் பொரிச்சுக் குடுங்க.

நேத்து நீங்க கிழிச்ச அவளோட இங்கிலீஷ் தாளை டேப் போட்டு ஒட்டி மேசையில வச்சிருக்கேன். இன்டைரெக்ட் ஒப்ஜெக்ட்டுக்குக் கோடு போடுற பயிற்சி. பத்துல ஏழு தப்புன்னு அந்தக் கத்து கத்துனீங்களே, அது அவ தப்பு இல்ல. "தமிழ்ல மாத்திப் பாரு, 'க்கு' வர்ற சொல்லுக்கெல்லாம் கோடு போடு"ன்னு சொன்னது நான். 'தங்கச்சிக்குப் பொம்மை குடுத்தான்'னா சரியா வருது. 'பள்ளிக்குப் போனான்'லயும் 'க்கு' இருக்கே, பள்ளிக்கும் கோடு போட்டுட்டா பிள்ளை. பொருளை வாங்கிக்கிற ஆளுக்குத்தான் போடணுமாம். அவ புத்தகத்தைப் பார்த்து இப்பதான் எனக்கே தெரிஞ்சது.

உங்களுக்கு லீவுதானே, நீங்களே பள்ளியில விடுங்க. வழியில திட்டாதீங்க லா.

சுகுணா

கேஸ் ஆள் பத்து மணிக்கு வருவாரு. சாவி செருப்பு அலமாரியில.

இன்னொன்னு. "யாரு சொல்லிக் குடுத்தா?"ன்னு நீங்க மூணு தடவை கேட்டீங்க. நான் அடுப்படியில வாயைத் திறக்காம நின்னேன். அவ என்னைப் பார்த்துட்டு, "நானாதான்பா செஞ்சேன்"னா.