அவிழ்த்த முடிச்சு

கமர்குல், அல்லாஹ் உன்னைத் தாங்கட்டும். சாப்பிடுகிறாயா? நான் நலம், இருமல்கூடக் குறைந்துவிட்டது.

நம் மகள் மர்ஸியா பிழைக்க வேண்டுமென்று அவள் முக்காட்டிலிருந்து நீ கிழித்துக் கொடுத்த துண்டை, இங்கே இமாம் ரஜா தர்காவின் சன்னல் கம்பியில் கட்டியிருந்தேன் அல்லவா? நம் பிள்ளையே போன பிறகு அது அங்கே எதற்கென்று, நேற்று போய் அவிழ்த்தேன்.

வேண்டுதல் பலித்தவர்கள்தானே முடிச்சை அவிழ்ப்பார்கள். நடக்க முடியாத மகனைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றவள் பூரித்துப்போனாள். “கொழந்தைக்குச் சரியாயிடுச்சாண்ணே? ராசியான கை! என் புள்ளைக்கும் நீங்களே ஒரு முடிச்சுப் போடுங்க.”

“ஓடியாடி விளையாடுறாம்மா” என்று சொல்லிக் கட்டிவிட்டேன். இறுக்கமாகத்தான் கட்டினேன், கவலைப்படாதே.

வேலைக்கு நேரமாகிவிட்டது. மஷ்ஹதுக்கு யாராவது வந்தால் மீதி முக்காட்டைக் கொடுத்தனுப்பு. துவைத்துவிடாதே.

சஃப்தர்