பனியில் நின்ற பவளம்

எருமப்பட்டி,
21-11-1983

அன்புள்ள மாமாவுக்கு,

வசந்தாமணி எழுதுவது. நானும் உங்கள் தம்பி சென்றாயனும் நலம். நீங்கள் ராஜஸ்தான் போய்ச் சேர்ந்து போர்வெல் ரிக்கில் வேலைக்கு ஏறிவிட்டதாகப் போட்ட கார்டு கிடைத்தது. லாரிக்கு அடியில் படுக்கிறோம் என்று எழுதியிருந்தீர்கள். வெறுந்தரையில் படுக்காதீர்கள், சாக்காவது விரித்துக்கொள்ளுங்கள்.

இத்தனை வருடம் பெய்யாத மழையெல்லாம் சேர்த்து இப்போது பெய்கிறது. கிணறு வழிகிறது. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் நீங்கள் ஊரைவிட்டே போயிருக்க வேண்டாம் என்று நினைத்துக்கொள்கிறேன். சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான், என்னால் முடியவில்லை. கொட்டகையில் மேற்குப்புறக் கூரை சரிந்துவிட்டது. உங்கள் குதிரை பவளம் சேற்றில் நிற்கிறது. முன்னங்காலை ஊன்றாமல் தூக்கித் தூக்கி வைத்தது. லாடம் கட்டும் காத்தானை வரச்சொன்னேன். லாடத்தைக் கழற்றியதும் வந்த நாற்றத்தில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அடிக்குளம்பு கறுத்து, தொட்டால் பிய்ந்து வருகிறது.

"ஈரத்துல நிக்க உடாதீங்க அம்மிணி. காஞ்ச எடமா பாத்துக் கட்டுங்க" என்றார்.

காய்ந்த இடத்துக்கு நான் எங்கே போவேன்? வீட்டிலேயே நடு அறை ஒன்றுதான் ஒழுகாமல் இருக்கிறது.

பக்கத்துத் தோட்டத்துக் காளியாத்தாள் வாய்க்காலில் எல்லார் முன்னாலும் கேட்டார்: "ஏனம்மிணி, ரெண்டு எருமையையும் வித்துப்போட்டு இதைக் கொண்டாந்து கட்டியிருக்கறீங்களே, இது எத்தனை படி கறக்குதுங்க?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை.

உங்களைக் குறை சொல்லவில்லை மாமா. சின்ன வயதிலிருந்து குதிரை என்றால் உங்களுக்கு உயிர் என்று எனக்குத் தெரியும். ஆடிச் சந்தையில் சினைக்குதிரை என்று சொல்லி நீங்கள் அதைப் பிடித்து வந்த அன்று உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் வாங்கி வந்து இரண்டு மாதம்கூட நீங்கள் அதன் பக்கத்தில் நிற்கவில்லை. எனக்கு அதன் பின்னால் போகவே பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும், எழுதுங்கள்.

உங்கள் அன்பு மனைவி,
வசந்தாமணி


முகாம்: ஜோத்பூர் பக்கம்,
4-12-1983

அன்புள்ள வசந்தாவுக்கு,

உன் கடிதம் கண்டேன். காளியாத்தாள் பேச்சையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாதே. பங்குனியில் குட்டி விழட்டும், அப்புறம் அவரே வந்து வேடிக்கை பார்ப்பார்.

குளம்பு அழுகல் பெரிய விஷயமில்லை. மயில்துத்தத்தைத் தண்ணீரில் கரைத்துக் காலைக் கழுவி, துடைத்து, வேப்பெண்ணெயில் பஞ்சை நனைத்து வெடிப்பில் வை. தினமும் செய்ய வேண்டும். கொட்டகைத் தரையில் ஓடைச் சரளையைக் கொட்டி மேடாக்கச் சென்றாயனிடம் சொல். பின்னால் போகாதே, தோள்பட்டைப் பக்கமாகப் பேசிக்கொண்டே போ. குரல் கேட்டால் உதைக்காது.

இங்கே பகலெல்லாம் வெயில், பொழுது சாய்ந்தால் பல் கிட்டுகிறது. போட்ட குழிகளில் பாதி வெறும் புழுதி. போன வாரம் துளை போடும் பிட் பாறையில் மாட்டி, கம்பரசரும் நின்றுவிட்டது. முதலாளி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. படுக்கும்போது அந்தக் குட்டியைத்தான் நினைத்துக்கொள்கிறேன். தாய் மாதிரியே செம்பட்டை நிறமாக இருக்குமா, நெற்றியில் சுட்டி இருக்குமா என்று. அது இல்லாவிட்டால் இந்த இடத்தில் எனக்கு ஒரு நாளும் ஓடாது.

பொங்கலுக்குக் கட்டாயம் வருவேன். கொள்ளை வேகவைத்துக் கொடு, சினைக்கு நல்லது.

உன் அன்புள்ள,
தங்கசாமி


எருமப்பட்டி,
17-12-1983

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் சொன்னபடி சரளை கொட்டினோம். சென்றாயனும் நானும் ஓடையிலிருந்து கூடை கூடையாகச் சுமந்தோம். துத்தத் தண்ணீரில் கழுவுகிறேன். முதல் நாள் காலைத் தொடவே விடவில்லை. இப்போது நான் குனிந்தால் அதுவே காலைத் தூக்கித் தருகிறது.

இனி எழுதப்போவதை எப்படி எழுதுவது என்று யோசித்துக்கொண்டே சில நாட்களைக் கடத்திவிட்டேன்.

மழை நின்றதும் கொல்லிமலைக் காற்று இறங்கிவிட்டது. பனி, பகலில்கூடக் குளிர். பவளம் தொட்டித் தண்ணீரில் வாயை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டது. நான் பெரிதாக நினைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் சோளத்தட்டைத் தொடவில்லை. வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. அப்புறம் தரையில் விழுந்து புரண்டது. எழுப்பி எழுப்பி நடத்தினேன். நான் கயிற்றை இழுக்க, அது என் மேல் சாய, தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தோம். காளியாத்தாள் ஓடிவந்து மறுபக்கம் பிடித்துக்கொண்டார்.

சென்றாயன் நாமக்கல் போய்க் கால்நடை டாக்டரைக் கூட்டிவந்தான். மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் ஊற்றினார். பனிக்காலத்தில் தண்ணீர் குடிக்காமல் காய்ந்த தட்டு தின்றால் குடல் அடைத்துக்கொள்ளுமாம். வெதுவெதுப்பாகத் தண்ணீர் வைக்க வேண்டுமாம். சாயங்காலம் லத்தி போட்டது. அதைப் பார்த்து நான் உட்கார்ந்து அழுதேன்.

அப்போது நான் கேட்டேன், "வயித்துக்குள்ள குட்டிக்கு ஒண்ணும் ஆகலீங்களே?" என்று.

அவர் கையை விட்டுப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். "சினையே இல்லைம்மா. யார் சொன்னாங்க உங்களுக்கு?" என்றார்.

கரு கலைந்து விழுந்துவிட்டதா என்று கேட்டேன். இந்த வருடம் சினை பிடித்திருந்த மாதிரியே தெரியவில்லை என்றார். வயதும் சந்தையில் சொன்னதைவிட அதிகமாம், பல்லைப் பார்த்துச் சொன்னார்.

மாமா, இதை உங்களுக்கு எழுதாமல் இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். பங்குனி வரை நீங்கள் காத்திருப்பீர்களே என்றுதான் எழுதுகிறேன். மனதை விட்டுவிடாதீர்கள். பொங்கலுக்கு வாருங்கள், பேசிக்கொள்ளலாம்.

உங்கள் அன்பு மனைவி,
வசந்தாமணி


எருமப்பட்டி,
1-1-1984

அன்புள்ள மாமாவுக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. கோபமா, உடம்பு சரியில்லையா?

ஒரு நல்ல சேதி இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். குளம்பு காய்ந்துவிட்டது. காத்தான் புது லாடம் கட்டிவிட்டுப் போனார். நேற்றுக் காலை பனிக்குள் அதை ஏரிப்பக்கம் நடத்திக்கொண்டு போனேன். கயிறு கையை விட்டு நழுவியது. அது தப்பி ஓடிவிடும் என்று நினைத்தேன். கொஞ்ச தூரம் ஓடி, வட்டமடித்து, மூக்கிலிருந்து புகை புகையாக மூச்சு விட்டுக்கொண்டு என்னிடமே திரும்பி வந்தது. என் தோளில் தலையை வைத்தது. எவ்வளவு கனம் தெரியுமா மாமா, அந்தத் தலை.

குட்டி இல்லாவிட்டால் போகிறது. அது இருக்கட்டும். சாக்குகளைச் சேர்த்து அதற்கு ஒரு போர்வை தைத்திருக்கிறேன். காலையும் மாலையும் வெந்நீர் வைக்கிறேன். பொங்கலுக்கு நீங்கள் வந்து பார்த்தால் உங்களுக்கே அடையாளம் தெரியாது.

உங்கள் அன்பு மனைவி,
வசந்தாமணி


முகாம்: ஜோத்பூர் பக்கம்,
2-1-1984

வசந்தாவுக்கு,

டாக்டர் சொன்னதை எழுதியிருந்தாய். படித்த நாளிலிருந்து எனக்கு எதிலும் கை ஓடவில்லை. ஊரில் எல்லாரும் சிரித்தது சரிதான் போலிருக்கிறது. இங்கேயும் தண்ணீர் இல்லை, அங்கேயும் குட்டி இல்லை. நான் தொட்டது எதுவும் விளங்காது.

பொங்கலுக்கு வரமுடியாது. வந்து யார் முகத்தில் விழிப்பது? வெறும் வயிற்றுக்குத் தீனி போட்டுக்கொண்டிருக்க நம்மால் ஆகாது. ராசிபுரத்துத் தரகருக்கு எழுதிவிட்டேன். மணல் வண்டிக்குக் கேட்கிறார்களாம். வந்தால் பிடித்துக் கொடுத்துவிடு. என்ன கொடுத்தாலும் சரி. எனக்கு அதைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

தங்கசாமி


எருமப்பட்டி,
8-2-1984

அன்புள்ள மாமாவுக்கு,

எழுத வேண்டாம் என்று சொன்னீர்கள். இதை எழுதாமல் எப்படி இருப்பேன்?

பொங்கல் முடிந்து தரகர் வந்தார். உங்கள் கடிதத்தைக் காட்டினார். பவளத்தின் முதுகை அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஒரு கோடை தாங்கும்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் கொடுக்கவில்லை. "அவிங்க வரட்டுங்க, வந்து குடுப்பாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உங்கள் பேச்சை நான் மீறியது அது ஒன்றுதான்.

போன வெள்ளிக்கிழமை மறுபடி அதே வலி. வெந்நீர் ஒரு வேளைகூடத் தவறவில்லை மாமா, சத்தியமாகத் தவறவில்லை. டாக்டர் வெளியூர் போயிருந்தார். சென்றாயன் வேறு ஒருவரைத் தேடிப் போனான். நான் நடத்தினேன். வெயில் ஏறியதும் அது நடக்கமாட்டேன் என்று நின்றுவிட்டது. உடம்பெல்லாம் வேர்வை, காது மட்டும் சில்லிட்டிருந்தது. பிறகு மெதுவாக மடங்கி உட்கார்ந்து, சாய்ந்தது. சென்றாயன் தனியாகத்தான் திரும்பி வந்தான். பார்த்துவிட்டு, "எந்திரிக்காதுங்க அண்ணி, உட்டுருங்க" என்றான். நான் விடவில்லை. அதுதான் விட்டுவிட்டது.

தோலுக்குக் கேட்டு ஆள் வந்தார்கள். கொடுக்கவில்லை. கிணற்று மேட்டுக்குப் பக்கத்தில் குழி வெட்டிப் புதைத்தோம். காளியாத்தாளும் மண் தள்ளினார்.

தரகரிடம் கொடுத்திருந்தால் மணல் வண்டியில் கட்டியாவது இந்நேரம் உயிரோடு இருந்திருக்குமோ? அதற்கு நல்லது செய்கிறேன் என்று நானே முடித்துவிட்டேனோ? யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. உங்களிடம் கேட்கிறேன்.

வசந்தாமணி


முகாம்: நாகூர் பக்கம், ராஜஸ்தான்,
22-2-1984

அன்புள்ள வசந்தாவுக்கு,

ரிக் இடம் மாறியதால் உன் கடிதம் தாமதமாகக் கிடைத்தது. நீ அழுதுகொண்டிருக்க வேண்டாம். போனது போகட்டும். வயதான குதிரை, நம்மை ஏமாற்றித் தள்ளிவிட்டார்கள், அவ்வளவுதான். தரகரிடம் கொடுத்திருந்தால் கொஞ்சமாவது பணம் தேறியிருக்கும். உன்மேல் எனக்குக் கோபமில்லை.

இங்கே கொஞ்சம் வெளிச்சம் தெரிகிறது. இரண்டு குழியில் நல்ல தண்ணீர். முதலாளி தட்டிக்கொடுத்தார். வரும் ஆடிச் சந்தைக்கு நான் வந்துவிடுவேன். இந்தமுறை டாக்டரையே கூட்டிப் போய், பல், வயிறு எல்லாம் பார்த்து, இளம் சினையாக ஒன்று பிடிப்போம். நீதான் இப்போது எல்லாம் பழகிக்கொண்டாயே. எனக்கு அந்தக் கவலை இல்லை. கொட்டகையைப் பிரிக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.

உன் அன்புள்ள,
தங்கசாமி


எருமப்பட்டி,
5-3-1984

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. தண்ணீர் வந்ததில் சந்தோஷம். நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் என்பது புரிகிறது. ஆனால் நான் கேட்டதற்கு அதில் பதில் இல்லை. அது எப்படிக் கிடந்தது, கண் திறந்திருந்ததா, வலியில் கத்தியதா என்று நீங்கள் கேட்பீர்கள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. அது கத்தவே இல்லை மாமா. அதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லாமல் காத்தானிடம் சொன்னேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதன் பிறகு பத்து நாளைக்கு மேல் காய்ச்சலில் கிடந்தேன். இப்போது நாமக்கல் ரோட்டில் கோழிப்பண்ணை ஒன்றுக்கு வேலைக்குப் போகிறேன். முட்டை பொறுக்கி அட்டையில் அடுக்கும் வேலை. ஆயிரம் உயிர் கத்துகிற இடம். ஒன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியதில்லை. அது எனக்கு வசதியாக இருக்கிறது.

கொட்டகையைப் பிரிக்கவில்லை, நீங்கள் சொன்னதற்காக இல்லை, எனக்கு அதற்குள் போக முடியவில்லை.

இன்னொரு குதிரை பிடிப்பதைப் பற்றி ஒன்று சொல்கிறேன். நான் பழகிக்கொண்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பழகியது குதிரை வளர்ப்பதற்கு இல்லை. குனிந்து ஒரு காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாசலில் யார் வருகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து, யாரும் வரமாட்டார்கள் என்பதற்குப் பழகிக்கொண்டேன். அதை இன்னொரு தடவை என்னால் செய்ய முடியாது. ஆடிக்கு நீங்கள் குதிரையோடு வந்தால், கயிற்றைப் பிடிக்க நான் இங்கே இருக்கமாட்டேன். பனமரத்துப்பட்டியில் என் அம்மா வீட்டில் இருப்பேன். வெறுங்கையோடு வந்தால் சோறு ஆக்கி வைத்திருப்பேன்.

பனி இன்னும் விடவில்லை. விடிந்ததும் எழுந்து, நினைப்பில்லாமல் அடுப்பில் பெரிய பானையை ஏற்றிவிடுகிறேன். கொதித்த பிறகுதான் தெரிகிறது. வீணாக்க வேண்டாம் என்று அதிலேயே குளித்துவிட்டு வேலைக்குப் போகிறேன்.

வசந்தாமணி