பட்டியலில் உங்கள் நான்கு வரிகள்

இன்று ஒக்டோபர் பன்னிரண்டாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. காலை பதினொன்று ஐந்து. பத்தொன்பதாவது தடவையும் அப்டேட் தோற்றுவிட்டது, அப்பா.

உங்கள் கதிரையில்தான் இருக்கிறேன். திரையில் அப்டேட் வரலாறு திறந்து கிடக்கிறது. பத்தொன்பது வரிகள். ஒவ்வொன்றிலும் திகதி, நேரம், பக்கத்தில் சிவப்பு ஆங்கில எழுத்தில் 'தோல்வி'. இதைச் சரிசெய்ய எனக்கு மூன்று நிமிடம் போதும். பாதி இறங்கிக் கெட்டுப்போன கோப்புகள் ஒரு கோப்புறையில் தேங்கி நிற்கின்றன. அதை வெறுமையாக்கிவிட்டுக் கணினியை மறுபடி தொடக்கினால் எல்லாம் புதிதாக இறங்கும். அலுவலகத்தில் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. ஆனால் அப்படிச் செய்தால் இந்தப் பட்டியலும் அழிந்துவிடும். இதில் நான்கு வரிகள் நீங்கள் இந்தக் கதிரையில் இருந்த கடைசிக் காலையில் விழுந்தவை. அம்மாவிடம் ஒன்பது மாதமாக நான் ஒளித்து வைத்திருக்கும் விஷயத்தை அந்த நான்கு வரிகளும் நேரத்தோடு எழுதி வைத்திருக்கின்றன.

அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறா. எனக்கு அழிக்கவும் பயம், அழிக்காமல் விடவும் பயம்.

நேற்றுக் காலை கொழும்பில் வேலையில் இருந்தபோது அம்மா போன் எடுத்தா. அக்கா கனடாவிலிருந்து கூப்பிடுகிற செயலி, கணினியின் பழைய பதிப்பில் இனி ஓடாது என்று அறிவித்தல் போட்டதாம். அம்மா தானே அப்டேட் பொத்தானை அமத்திப் பார்த்திருக்கிறா. அது தோற்றுவிட்டது. அதையெல்லாம் நான் அரைக் காதால் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு ஒன்று சொன்னா.

"திரும்ப அமத்துவம் எண்டா, மௌஸ் சொல்வழி கேக்குதில்லை தம்பி."

நான் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பிவிட்டேன்.

"அம்மா, வலக்கையைத் தூக்குங்கோ."

"என்னத்துக்கு?"

"தூக்குங்கோ எண்டுறன்!"

"தூக்கினா போன் விழும்."

"சரி, சிரியுங்கோ. கண்ணாடிக்கு முன்னாலை போய் நிண்டு சிரியுங்கோ."

"உனக்கு என்ன விசரோ? சிரிக்கிறதுக்கு இஞ்சை என்ன கிடக்கு?"

அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு ராசன் அண்ணைக்கு எடுத்து, ஓடிப்போய்ப் பார்க்கச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் திருப்பி எடுத்தார். "தம்பி, நீர் பயப்பிடாதையும். அம்மா என்னை ஏசிக்கொண்டு நிக்கிறா. வாய் கோணேல்லை. நல்லா நேராத்தான் ஏசுறா. மௌஸுக்குப் பற்றரி முடிஞ்சு போச்சு, அவ்வளவுதான்."

அவ்வளவுதான். ஆனாலும் லீவு போட்டுவிட்டு அடுத்த பஸ் ஏறினேன். இன்று காலை குறிகட்டுவான் இறங்குதுறையில் எங்கள் தீவுக்கு முதல் படகு பிடித்து வந்திறங்கினேன். நான் ஏன் வந்தேன் என்று அம்மாவுக்கு இன்னும் விளங்கவில்லை. "பற்றரி மாத்தக் கொழும்பிலையிருந்து வந்த என்ஜினியர்" என்று ராசன் அண்ணைக்குச் சொல்லிச் சிரிக்கிறா.

உங்களுக்கு விளங்கும்.

அப்டேட் தோற்றால் திரையில் வருகிற பிழை இலக்கத்தை நீங்கள் போனில் சொன்ன விதம் எனக்கு எப்போதும் எரிச்சல். தெற்கே காலி நகரில் முப்பது வருடம் கடை வைத்திருந்தவர். எந்த இலக்கத்தையும் சிங்களத்திலும் தமிழிலும் ஒரே மூச்சில் சொல்லக்கூடியவர். ஆனால் கணினி என்று வந்தால் இலக்கத்துக்கு முதல் ஒரு பெருங்கதை வரும்.

"மோனை, முதல் ஒரு வட்டம் வந்தது. அது சுத்திக்கொண்டே நிண்டது. அப்ப பாத்துக் கொம்மா தேத்தண்ணி கொண்டு வந்தா. நான் சொன்னன், இஞ்சாரும், ஆட்டாதையும், அறுபத்தொண்டு வீதத்திலை நிக்குது எண்டு. இறங்குதுறை தெரியுது எண்டு நினைச்சுக்கொண்டிருக்க, படகு திரும்பி ஓடின மாதிரிச் சைபருக்குப் போட்டுது."

"அப்பா, கதை வேண்டாம். இலக்கத்தைச் சொல்லுங்கோ."

"நடந்ததைச் சொல்லாமல் இலக்கத்தை மட்டும் சொன்னா உனக்கு எப்பிடி விளங்கும்?"

"எனக்கு இலக்கம் மட்டும் காணும்."

"கொழும்பிலை மற்ற ஆக்களோடையும் இப்பிடியே கதைக்கிறனி? அதுக்குச் சம்பளமும் தருகினமே?"

சிரிப்பீர்கள். நான் சிரிக்கவில்லை. எனக்குப் பின்னால் எப்போதும் வேறு யாரோ காத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தை மாதத்து வெள்ளிக்கிழமை நீங்கள் எனக்குப் போன் எடுத்தபோது மணி பத்து பன்னிரண்டு. இதை இன்றுதான் சரியாகத் தெரிந்துகொண்டேன். உங்கள் நான்கு வரிகளில் முதலாவது அதுதான். தோற்ற உடனேயே எடுத்திருக்கிறீர்கள். அம்மா அம்மன் கோயிலுக்குப் போயிருந்தா. அன்று உங்களிடம் கதை எதுவும் இல்லை. "தம்பி" என்றுவிட்டுப் பேசாமல் இருந்தீர்கள். மோனை என்று கூப்பிடவில்லை. எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வந்துவிட்டார், நல்லது, ஒருவழியாகத் திருந்திவிட்டார் என்று நினைத்தேன். மெய்யாக அப்படித்தான் நினைத்தேன், அப்பா.

இலக்கத்தைக் கேட்டேன். சொன்னீர்கள். தேடினேன், அப்படி ஒரு பிழை இலக்கமே இல்லை. திரும்பக் கேட்டேன். வேறொன்று சொன்னீர்கள். மூன்றாம் தடவை கேட்க, மூன்றாவதாக ஒன்று. "கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசியுங்கோ அப்பா!" என்று கத்தினேன்.

"மௌஸ் சொல்வழி... கேக்குதில்லை தம்பி. ஒரு மாதிரி... கிடக்கு."

"பற்றரியை மாத்துங்கோ. மாத்திப்போட்டுத் திரும்ப அமத்துங்கோ. நூறு வருமட்டும் எழும்பாதேங்கோ. தோத்தா இன்னொருக்கா அமத்துங்கோ. எனக்கு இப்ப கதைக்க ஏலாது."

வைத்துவிட்டேன்.

கணினிப் பிழைகளைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். அறிகுறி மூன்று இருந்தன. பேச்சு இழுத்தது, இலக்கம் குழம்பியது, கை கேட்கவில்லை. மூன்றையும் கேட்டுவிட்டு மௌஸுக்குப் பற்றரி மாற்றச் சொன்னேன்.

அம்மா கோயிலால் வந்தபோது பன்னிரண்டு மணி. நீங்கள் கதிரையிலிருந்து சரிந்து கிடந்தீர்கள். ராசன் அண்ணையும் இன்னும் இரண்டு பேரும் உங்களைத் தூக்கிக்கொண்டு இறங்குதுறைக்கு ஓடியிருக்கிறார்கள். அன்று வாடைக் காற்று கடலைப் புரட்டிக்கொண்டிருந்ததாம். யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர மூன்று மணி தாண்டிவிட்டது. நான் அடுத்த நாள்தான் வந்து சேர்ந்தேன். டொக்டர் எங்கள் எல்லோரையும் வைத்துக்கொண்டு கேட்டார், இந்தப் பக்கவாதம் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று. "நான் வந்து பாக்கேக்கை பன்னிரண்டு" என்றா அம்மா. நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. முந்திக் கொண்டுவந்திருந்தால் ஏதாவது மாறியிருக்குமா என்று அவரைக் கேட்டிருக்கலாம். ஓம் என்று சொல்லிவிடுவார் என்ற பயத்தில் கேட்கவில்லை. மூன்றாம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள்.

செத்தவீட்டுக்காக வீட்டைக் கூட்டித் துப்பரவாக்கும்போது இந்த மேசைக்கு வந்தேன். மௌஸ், விசைப்பலகைக்கு இடப்பக்கம் கிடந்தது.

நீங்கள் வலக்கைக்காரர். அதை யார் அங்கே வைத்தது, ஏன் வைத்தது என்று அந்த இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. மௌஸை எடுத்து வலப்பக்கம் வைத்தேன்.

இப்போது பட்டியல் மிச்சத்தையும் சொல்கிறது. பத்து பன்னிரண்டு, தோல்வி. பத்து முப்பத்தொன்று, தோல்வி. பத்து நாற்பத்தாறு, தோல்வி. பதினொன்று நான்கு, தோல்வி. நான் போனை வைத்த பிறகு மூன்று தடவை இடக்கையால் அமத்தியிருக்கிறீர்கள். அமத்தச் சொன்னது நான். எழும்ப வேண்டாம் என்றதும் நான்.

அம்மா இவ்வளவு காலமும் தன்னைத்தான் பிழை சொல்கிறா. முப்பத்தோராம் நாள் கிரியை கழிந்து எட்டு மாதமாகிவிட்டது, ஒரு வெள்ளிக்கிழமைகூடக் கோயிலுக்குப் போகவில்லை. "நான் அண்டைக்குப் போகாமல் நிண்டிருந்தா மனிசன் கிடந்திருக்காது" என்று அக்காவிடம் அழுததை அக்கா எனக்குச் சொன்னா. அதைக் கேட்டும் நான் பேசாமல்தான் இருந்தேன். அம்மா தூக்கிக்கொண்டு திரிவது என்னுடையது என்று தெரிந்துகொண்டே இருந்தேன்.

சற்று முன் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து எனக்குப் பின்னால் நின்றா.

"என்னடா தம்பி இது, சிவத்த எழுத்தாக் கிடக்கு?"

"தோத்த கணக்கு அம்மா."

"எத்தனை தரம்?"

"பத்தொன்பது."

"அவர் எத்தனை தரம் அமத்தினவர்?"

திரையில் அவவின் கண்ணுக்கு முன்னால் கிடந்தது. ஆங்கில எழுத்து, கண்ணாடியும் போட்டிருக்கவில்லை. "தெரியாது அம்மா" என்றேன்.

"பாவம், பொறுமையான மனிசன்" என்றுவிட்டுக் குசினிக்குத் திரும்பிப் போனா.

தேங்காய் துருவும் சத்தம் மறுபடி தொடங்கியது. அதற்குப் பிறகுதான் இதை எழுதத் தொடங்கினேன்.

கோப்புறையை அழிப்பதுதான் சரியான முறை. யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். அழித்தால் அக்கா இன்று பின்னேரமே திரையில் தெரிவா. ஒருவரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. கைபேசியில் பட்டியலைப் படமெடுத்துவிட்டு அழிக்கலாம் என்றும் யோசித்தேன். படம் கைபேசியில் இன்னும் ஒன்பது மாதம் ஒளிந்து கிடக்கும். என்னை எனக்குத் தெரியும். மௌஸை ஒரு தடவை மாற்றி வைத்தவன் நான்.

அம்மா என்னை வெறுத்துவிடுவா என்றும் பயம். வெறுக்காமல், "நீ என்னடா செய்வாய்" என்று தலையைத் தடவிவிடுவாவோ என்று அதைவிடப் பயம். அக்காவுக்கும் தெரியவரும். ஒரு முறை சொல்லிவிட்டால் அழித்துவிட்டுத் திரும்பத் தொடங்க முடியாத விஷயம் இது.

நீங்கள் இருந்தால், நடந்ததைச் சொல்லு என்பீர்கள். முதலிலிருந்து, தேத்தண்ணி உட்பட. எனக்கு அப்படிச் சொல்ல வராது. வருகிற மாதிரி எழுதுகிறேன். இனி நான் செய்யப்போவது:

1. கணினியை இப்படியே விடுவேன். எதையும் அழிக்க மாட்டேன், அணைக்கவும் மாட்டேன்.

2. குசினிக்குப் போய் அம்மாவின் கையிலிருந்து தேங்காய்ப் பாதியை வாங்கிக் கீழே வைப்பேன். கூட்டிவந்து இந்தக் கதிரையில் இருத்திக் கண்ணாடியை எடுத்துக் கொடுப்பேன்.

3. நான்கு வரிகளையும் நேரத்தோடு வாசித்துக் காட்டுவேன். போனில் நீங்கள் சொன்னதையும் நான் சொன்னதையும் ஒரு சொல் குறையாமல் சொல்வேன். மௌஸ் எந்தப் பக்கம் கிடந்தது, அதை யார் மாற்றியது என்பதையும் சொல்வேன்.

4. அம்மா அடித்தாலும், அழுதாலும், பேசாமல் எழும்பிப் போனாலும் பின்னேரப் படகில் ஏற மாட்டேன்.

5. பின்னேரம் அக்காவை என் கைபேசியில் கூப்பிட்டு, அதே ஒழுங்கில் அவவுக்கும் சொல்வேன்.

6. இரண்டு பேருக்கும் சொல்லி முடிந்த பிறகு கோப்புறையை வெறுமையாக்கி, மறுபடி தொடக்கி, இருபதாவது தடவை அமத்துவேன்.

7. அலுவலகத்துக்கு எடுத்து லீவை வெள்ளிக்கிழமை வரை நீட்டுவேன். அன்று காலை அம்மா கோயிலுக்கு வெளிக்கிட்டால் கூடப் போவேன். வெளிக்கிடாவிட்டால், அம்மாவோடு வீட்டில் நிற்பேன்.