நைட்ரஜன் அறையில் மதியத் தூக்கம்

3 ஜூன், செவ்வாய்
புழுக்கம். லேக் மார்க்கெட்டில் காப்பிப்பொடி வாங்க மறந்தேன்.
யூனிவர்சிட்டியில் அடுத்த மாதம் பாதுகாப்புச் சோதனை. பாதுகாப்பு அதிகாரி என்று என் தலையில் கட்டிவிட்டார்களே, கட்டடம் கட்டடமாக அலைச்சல். தீயணைப்பான் நான்கு காலாவதி. அவசர வாசலை அடைத்து ஒரு பீரோ.
உயிரியல் துறை அடித்தளம், திரவ நைட்ரஜன் டேங்க் அறை. ஆக்சிஜன் குறைந்தால் கத்தும் மீட்டரில் பாட்டரி இல்லை. தரையில் பாய், தலையணை!

4 ஜூன், புதன்
பாய் கணேசனுடையது. லேப் அட்டெண்டர். துறைமுக வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பம். என்னிடம் மட்டும் தமிழ், ஆனால் அக்காவுக்கு வங்காளத் 'தீதி'.
"சாப்ட்டு ஒரு மணி நேரம் படுப்பேன், தீதி. வெளிய வேகுது. உள்ள ஜில்லுனு இருக்கும். ஒரு கொசு கிடையாது."
"பாட்டரி எங்க?"
"தினம் மதியம் கத்துது. தூங்க விடல. கழட்டி வச்சிட்டேன்."
மீட்டர் பழுது என்று நீங்கள்தானே எழுதிக் கொடுத்தீர்கள் என்கிறார் துறைத் தலைவர். ஃபைலைப் பார்த்தேன். என் கையெழுத்துதான். அறையைப் பார்க்காமலே போட்டது. வெட்கம்.

5 ஜூன், வியாழன்
பாய் பக்கத்தில் சாமி படம். அதன்முன் பாதி கருகிய தீக்குச்சிகள், ஏராளம்.
"நின்னுக்கிட்டு பத்த வச்சா எரியுது. கீழ கொண்டு வந்தா அணைஞ்சிடுது. சரசுவுக்குப் பிடிக்கல போல."
சரசு அவர் மனைவி. செத்து மூன்று வருடம்.
"இங்க படுத்தா வருவா, தீதி. தலைமாட்டுல உக்காந்துப்பா. வீட்ல வரதே இல்ல."
சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.
புது பாட்டரி போட்டேன். நின்றபடி பிடித்தால் ஆக்சிஜன் 20 சதவீதம். பாய்மேல் வைத்தால் 14, ஒரே கத்தல். மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. டேங்க் கசிகிறது; குளிர்ந்த நைட்ரஜன் தரையோடு தங்கி ஆக்சிஜனைத் தள்ளுகிறது. வாசனை இல்லை, நிறம் இல்லை.
கணேசனிடம் படித்துப் படித்துச் சொன்னேன். தலையாட்டினார். பூட்டு நாளைதான் கிடைக்கும்.

6 ஜூன், வெள்ளி
மதியம் 1.40. பூட்டோடு போனேன். மீட்டர் சத்தமே இல்லை. பாட்டரி மறுபடி வெளியே. கணேசன் பாயில். உதடு நீலம்.
மயங்கியவரைத் தூக்க உள்ளே ஓடாதீர்கள் என்று எல்லோருக்கும் வகுப்பெடுப்பவள் நான். ஓடினேன். காவலாளியும் நானும் இழுத்துப் போட்டோம். வராந்தாவில் அவருக்கு மூச்சு திரும்பியது. கண் திறந்ததும் அழுகை.
"ஏன் எழுப்பினீங்க? கையப் பிடிச்சிட்டிருந்தா."
ஆஸ்பத்திரி. பிழைத்துவிட்டார். அறை பூட்டியாயிற்று.

9 ஜூன், திங்கள்
மழை. கசிவைச் சரிசெய்ய ஆள் வியாழன்தான் வருவார். துறைத் தலைவர் சாவி கேட்டார். வீட்டில் மறந்துவிட்டேன் என்றேன். பொய். கைப்பையில்தான் இருந்தது.
ரிப்போர்ட்டில் எழுதாதது ஒன்று. அன்று பாயருகே குனிந்தபோது, காதுக்குப் பின்னால் அம்மா. "வந்துட்டியாடி?" அம்மா போய்ப் பதினோரு வருடம். அப்போது துளி பயமில்லை. இப்போது அதை நினைத்துத்தான் பயம்.
மதியம் சாப்பிட்டுவிட்டு எழுந்தேன். எங்கே போகிறேன் என்று யோசிக்கவே இல்லை, அடித்தளப் படியில் நிற்கிறேன். கீழே பூட்டிய கதவோரம், லீவில் இருக்க வேண்டிய கணேசன், ஸ்டூல் போட்டு.
"வந்துட்டீங்களா தீதி," என்றார். "சாவி இருக்கா?"