ஜப்பான் வணக்கம்

நீ போய் ஒரு மாதமாகிறது. உன் டிரங்குப் பெட்டியில் கிடந்ததென்று நேற்று உன் மகன் ஒரு சிவப்புப் பட்டுக் கயிற்றைக் கொண்டுவந்து தந்தான். பாச்சை உருண்டை வாசம் இன்னும் போகவில்லை. பார்த்ததும் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அந்தக் காலத்தில் தேயிலை வாங்க வந்த ஜப்பான்காரரின் மனைவி, ஆசைப்பட்டு உன் கூடையைத் தலையில் மாட்டி, உன் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக் கொழுந்து பறித்தாரே! பதிலுக்கு உன்னைத் தோட்டத்துத் துரையின் பங்களாவுக்குக் கூப்பிட்டுத் தன் நாட்டு உடுப்பை உடுத்திவிட்டார். துணைக்கு நானும் வந்தேன். வெள்ளைப் பூப்போட்ட நீலப் பட்டு, இடுப்பைச் சுற்றி அகலப் பட்டி, அதன்மேல் இந்தக் கயிறு.

"மூச்சே விட முடியலடி. இவங்க சோத்த எங்க வச்சுத் திம்பாங்க?" என்றாய்.

பிறகு அந்த அம்மா வணக்கம் சொல்லிக்கொடுத்தார். கைகளைத் தொடைமேல் வைத்து, முதுகு வளையாமல் இடுப்பிலிருந்து குனிய வேண்டும். நீ குனிந்தாய். அவரும் உனக்குக் குனிந்தார். பதறிப்போய் நீ இன்னும் தாழ்ந்தாய், அவரும் தாழ்ந்தார். துரையைக் கண்டால் பாதையை விட்டு ஓரத்து மழைநீர்க் கானில் இறங்கித் தலை கவிழ்ந்தே பழகிய உடம்பு, எப்போது நிமிர்வதென்று உனக்குத் தெரியவில்லை. ஜப்பான்காரர் இங்கிலீசில் சொன்னதைக் கேட்டுப் பங்களா சமையல்காரர்தான் விளக்கினார்.

"போதும் புள்ள. நீ குனிஞ்சா அவங்களும் குனிவாங்க. அப்பறம் ரெண்டு பேரும் நிமிரணும். அதான் மொறையாம்."

அந்த அம்மா கயிற்றை உனக்கே கொடுத்துவிட்டார். லயத்து வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே வந்தாய். என்ன நினைக்கிறாய் என்று எனக்குத் தெரியும். நாம் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகையில் குழந்தைகளை விடும் பிள்ளைக்காம்பராவில் கூரை ஒழுகி, உன் கைப்பிள்ளை நெஞ்சு கட்டி இருமிக்கொண்டிருந்தான். துரையிடம் சொல்ல மூன்று வாரமாகப் பார்த்தாய். நீ கானிலிருந்து தலை தூக்குவதற்குள் அவர் போய்விடுவார்.

மறுநாள் துரை வந்தபோது நீ கானில் இறங்கவில்லை. பாதையிலேயே நின்று ஒரு தரம் குனிந்தாய், நிமிர்ந்தாய். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா "தள்ளு, தள்ளு" என்று கத்தினார். துரை திகைத்து நின்றார். பிறகு தொப்பியைத் தொட்டார்.

"புள்ளக்காம்பரா ஒழுகுதுங்க தொர. எம்புள்ளைக்கு நெஞ்சு கட்டியிருக்குங்க."

அந்த வாரமே கூரைக்குத் தகரம் வந்தது.

"எப்படிடி துணிஞ்ச?" என்று கேட்டேன்.

"நான் குனிஞ்சிட்டேன். அப்பறம் அவரு மொறதானே?"

இருமிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளைதான் நேற்று, "வாரேன் அத்தை" என்று வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து போனான். அவ்வளவு உயரம்.

அவன் போனதும் உன் படத்துக்கு முன்னால் குனிந்தேன். உன் முறைக்காகக் கொஞ்சம் காத்தும் நின்றேன், பைத்தியக்காரி. அப்புறம் நிமிர்ந்தேன். லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் கேட்க நாளைக்கு ஆபீசுக்குப் போகிறேன். வழியில் எந்தத் துரை வந்தாலும் கானில் இறங்க மாட்டேன்.